ஏற ஆளு உண்டு, இறங்கத்தான் பிளான் வேணும்

எங்களுக்கு வேலை கரண்ட் எடுக்குற காத்தாடியில. காவல்கிணறு, பணகுடி பக்கம் ரோட்டுல போனவங்க பாத்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டுன தூரம் நட்டு வச்சிருப்பாங்க. வைகாசி பொறந்துட்டா ஆரல்வாய்மொழி கணவாய் வழியா காத்து அடிக்க ஆரம்பிச்சிரும், புரட்டாசி வரைக்கும் ஒருத்தனுக்கும் லீவு கெடையாது, ஒரு மெஷின் நின்னாலும் மேல இருந்து போன் வந்துக்கிட்டே இருக்கும். குத்தாலத்துல சீசன்னா எங்களுக்கும் அப்பதான் சீசன், அதனால நாங்க அருவியில தண்ணி விழுந்து பாத்ததே கம்மி. டூர், கல்யாணம் காச்சி எல்லாம் காத்து இல்லாத மாசத்துலதான்.

எப்பவும் மணப்பாடு, இல்லனா உவரி, கோயில், பீச், பிரியாணின்னு முடிஞ்சிரும். இந்தத் தடவை பயலுவ எல்லாம் சேந்து மலை ஏறணும், ஆனா மேல நின்னா கடல் தெரியணும்னு ஒரே பிடிவாதம். காத்தாடி டவர் ஏறுற வேலைக்கு ஜாப் பிளான் எழுதுறது நான்தாங்கதால மேனேஜர் அதையும் என் தலையிலயே கட்டிட்டாரு.

மொத சண்டை எந்த மலைங்கதுல. தினமும் சைட்ல நின்னா எதுத்தாப்புல மகேந்திரகிரி, 1,600 மீட்டருக்கு மேல. பயலுவளுக்கு அதுமேல ஒரு கண்ணு. அடிவாரத்துல ராக்கெட் இஞ்சினை டெஸ்ட் பண்ணுற இஸ்ரோ சென்டர், மேல எல்லாம் காடு, நெனச்ச நேரத்துக்கு நடந்து போற எடமா அது? 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத்தீயில 20 பேருக்கு மேல போய்ச் சேந்தாங்கல்லா, அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்குன்னே அரசாங்கம் தனியா விதி போட்டுச்சு. அதுல செத்தவங்க நிறையப் பேரு நம்ம பயலுவ மாதிரி ஆபீஸ் போற வயசுக்காரங்கதான். அதைச் சொன்ன பொறவு மகேந்திரகிரி பேச்சு அடங்குச்சு.

கடைசியில மருந்துவாழ்மலைன்னு முடிவாச்சு. நாங்க நெல்லைக்காரங்க, மலை இருக்கது கன்னியாகுமரி மாவட்டத்துல, பொற்றையடி பக்கம், ஆனா எங்க சைட்ல இருந்து வேன்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போறப்ப விழுந்த துண்டுன்னு கதை. அய்யா வைகுண்டரும் நாராயண குருவும் தவம் இருந்த எடம்னு ஜனங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. கீழ படிக்கட்டு, போகப் போக பாறை. ரொம்பப் பெரிய மலையும் இல்ல, சும்மா கைவீசிட்டுப் போற மலையும் இல்ல.

தேதி ஜனவரி கடைசின்னு வச்சேன். ஐப்பசி கார்த்திகைன்னா பாறை வழுக்கும், மாசி தாண்டிட்டா வெயில் மண்டையப் பொளக்கும், ஆடியில மேல நிக்கவே முடியாது. தை மாசம்னா குளமும் நெறஞ்சு கெடக்கும், பாறையும் காஞ்சிருக்கும். அப்ப அங்க சூரியன் உதிக்க 6.40 ஆயிரும், அதனால விடியுற நேரத்துக்கு அடிவாரத்துல நிக்கணும், 10 மணிக்குள்ள எல்லாரும் கீழ வந்துரணும். மலைன்னதும் ஜில்லுனு இருக்கும்னு நம்ம அக்கவுண்ட்ஸ் அக்கா ஸ்வெட்டர் எடுக்கட்டுமான்னு கேட்டாங்க. 1,000 மீட்டர் ஏறுனாத்தான் ஆறு டிகிரி சொச்சம் குறையும், இந்த மலைக்கு அதெல்லாம் கணக்குலயே வராதுக்கா, தொப்பி எடுங்கன்னேன்.

நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்குன்னு ஒண்ணு உண்டு, 1892-ல ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் போட்டது. 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அதுல எனக்குப் பிடிக்காத விஷயம் இறக்கத்துக்குன்னு தனியா ஒண்ணுமே கெடையாது. ரொம்ப வருஷம் கழிச்சு லாங்மூர்னு ஒருத்தர்தான் செங்குத்தான இறக்கம்னா ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிஷம் கூட்டுங்கன்னு சேத்தாரு. டவர் வேலையிலயும் எங்களுக்கு இதே பாடுதான், 80 மீட்டர் லேடர் ஏறுறப்ப எல்லாருக்கும் கவனம் இருக்கும், வேலைய முடிச்சு பசியோட இறங்குறப்பதான் கால் கம்பியத் தப்பும். ஏறுறப்ப மூச்சுதான் வாங்கும், நின்னா சரியாப் போயிரும். இறங்குறப்ப தொடைச் சதை இழுபட்டுக்கிட்டே ஒடம்பு வெயிட்டைத் தாங்கணும், முட்டி வேற அடி வாங்கும், அது அப்பத் தெரியாது, மறுநாள்தான் தெரியும்.

அதனால என் பிளான்ல பாதிக்கு மேல இறக்கம்தான். எட்டரை மணிக்கு எங்க நின்னாலும் திரும்பணும், உச்சி பத்தடியில இருந்தாலும் சரி. இதுக்கு பயலுவ மொறச்சானுவ. ஏலே, காத்து செகண்டுக்கு 12 மீட்டர் தாண்டுனா வேலை பாதியில கெடந்தாலும் டவர்ல இருந்து இறங்குதோம்லா, அங்க வாயத் தொறக்காம இறங்குத பய இங்க என்னத்துக்கு பேசுதன்னு கேட்டேன். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, அதுல ஒரு லிட்டரை இறக்கத்துக்குன்னு தொடாம வைக்கணும். கையில கவர் கூடாது, குரங்கு பிடுங்கிட்டுப் போயிரும். செருப்பு போட்டு வந்தா வேன்லயே உக்காந்துக்கிட வேண்டியதுதான்.

ஸ்டோர்ஸ் அண்ணாச்சிக்குத்தான் முட்டி வலி. "தம்பி, நான் கீழ கோயில்ல உக்காந்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னாரு. "இல்ல அண்ணாச்சி, நீங்கதான் முன்னால போறீங்க, உங்க பின்னாலதான் நாங்க எல்லாரும்"னேன். "அப்ப மத்தியானச் சோத்துக்குத்தான்வே மேல போய்ச் சேருவோம்"னு சிரிச்சாரு. மெதுவா நடக்கவர முன்னால விட்டாத்தான் கூட்டம் உடையாது. வேகமான ஆளு முன்னால போனா எங்கயாவது நின்னு ரெஸ்ட் எடுப்பான், பின்னால வர்றவரு வந்து சேந்ததும் அவன் கெளம்பிருவான், ரெஸ்ட் வேண்டியவருக்கு ரெஸ்டே கெடைக்காது. கடைசி ஆளா எங்க சீனியர் டெக்னீசியனப் போட்டாச்சு, அவரத் தாண்டி பின்னால யாரும் நிக்கக் கூடாது.

போனோம், மேல எட்டு மணிக்கெல்லாம் நின்னாச்சு. தெக்க கடலு, ஒரு பக்கம் தென்னந்தோப்பும் குளமும், இன்னொரு பக்கம் தூரத்துல நம்ம காத்தாடி. சும்மா நிக்க நேரத்துலயும் எந்த மெஷின் சுத்தல எந்த மெஷின் சுத்துதுன்னு எண்ணுதானுவ, இவனுவள என்ன செய்ய.

இறங்குறப்ப ரெண்டு பயலுவ மட்டும் சொல்லுக் கேக்காம படிக்கட்டுல குதிச்சுக் குதிச்சு ஓடுனானுவ. அண்ணாச்சி கம்பு ஊனி, பக்கவாட்டுல ஒவ்வொரு படியா வச்சு அவரு பாட்டுக்கு வந்தாரு. திங்கக்கிழமை டூட்டியில அந்த ரெண்டு பேருக்கும் டவர் வாசல் படியே ஏற முடியல, தொடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கானுவ, அன்னைக்கு அவனுவளுக்கு கிளைமிங் கெடையாதுன்னு ஜாப் கார்டுல மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு. அண்ணாச்சி ஸ்டோர்ஸ்ல நின்னு போல்ட் எண்ணிக்கிட்டு இருந்தாரு.

இப்ப அவருதான் அடுத்து திருக்குறுங்குடி நம்பி மலைக்குப் போவோம்ங்காரு. அது புலிகள் காப்பகத்துக்குள்ள வர்ற எடம், செக்போஸ்ட்ல நேரம் உண்டு, புரட்டாசி சனிக்கிழமைன்னா கூட்டம் தாங்காது, எப்படியும் புரட்டாசியில எங்களுக்கு லீவு கெடையாது. பாப்போம், காத்து நின்ன பொறவு ஒரு சாதாரண நாளாப் பாத்து வைக்கணும்.