மணியனும் சமையல் தராசும்

எங்கள் வீட்டுக் கினிப்பன்றிக்கு இப்போது ஏழு வயதாகிறது. மகள் அவனுக்கு வைத்த பெயர் மணியன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு அவன் இன்னமும் 'அந்தப் பெரிய எலி'தான். கினிப்பன்றிகள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரையே வாழ்பவை என்பதால், அவனைக் கிழவன் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஐந்து வயது வரை நாங்கள் அவனை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. குசினியில் கறிமிளகாய் அரியும் சத்தம் கேட்டால் விசிலடிப்பதுபோலக் கத்துவான்; அதுவே சுகமாக இருக்கிறான் என்பதற்குப் போதுமான சான்று என்று நினைத்திருந்தோம். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணிகள் தம் நோயை முடிந்தவரை மறைக்கும் என்பதையும், உடல் மெலிவதை அடர்ந்த உரோமம் மூடிவிடும் என்பதையும் பின்னர்தான் அறிந்தோம். மகளின் வற்புறுத்தலால் ஞாயிறுதோறும் காலையில், தீன் வைக்கும் முன்னர், மா நிறுக்கும் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்து அவனை நிறுக்கத் தொடங்கினேன். முதல் ஞாயிறு 1,040 கிராம் இருந்தவன், ஐந்தாவது ஞாயிறு 910 கிராமுக்கு இறங்கியிருந்தான்.

அப்போதும் அவன் தீனைக் கண்டு ஓடிவரத்தான் செய்தான். ஆனால் வாயில் எடுத்ததைக் கீழே போட்டுவிடுவான். வாய்க்குக் கீழே நாடி எப்போதும் ஈரமாக இருந்தது. முன்பற்கள் ஒழுங்காகத் தெரிந்ததால் பல்லில் குறை இருக்கும் என்று நான் எண்ணவில்லை. நாங்கள் போன மிருக வைத்தியர், தாம் நாளாந்தம் பார்ப்பது மாடும் ஆடும் நாயுமே என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டு, சிறிய விளக்குக் குழாயால் வாயினுள் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இருபுறமும் உள்நோக்கிச் சாய்ந்து வளர்ந்து, நாக்கை அசையவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தன. கினிப்பன்றியின் இருபது பற்களும் ஆயுள் முழுவதும் வளர்பவை; நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். நானோ, வயதானவனுக்கு மெல்லச் சிரமமாக இருக்கும் என்று இரங்கி, புல்லைக் குறைத்து வெள்ளரிக்காயையும் ஊறவைத்த குளிசைத் தீனையும் கூட்டியிருந்தேன். என்னுடைய இரக்கமும் அந்தப் பற்கள் வளரக் காரணமாக இருந்திருக்கலாம்.

மயக்கமருந்து கொடுத்துப் பற்களை அராவிய பின் வந்த பத்து நாட்களே எல்லாவற்றிலும் கடினமானவை. கினிப்பன்றி அரைநாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் மந்தமாகி உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே காய்ந்த புல்லை மிக்சியில் மாவாக்கி, ஊறவைத்த குளிசைத் தீனுடன் குழைத்து, ஊசியில்லாத ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஊட்டினோம். சாமத்திலும் ஒருமுறை எழும்ப வேண்டியிருந்தது. இதற்கிடையில், வீட்டில் மிஞ்சியிருந்த அமொக்சிசிலின் பாணியில் இரண்டு துளி கொடுத்தால் என்ன என்று மச்சாள் கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார், ஆனால் பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், அவை கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களை அழித்து அதனைக் கொன்றேவிடக்கூடும். அந்தப் போத்தலை அன்றே வேறிடத்துக்கு மாற்றினேன்.

இப்போது புல்தான் அவனுடைய பிரதான உணவு. அறுகம்புல்லையும் கினியாப்புல்லையும் பனையோலைப் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துகிறேன். வெங்காயத் தோட்டங்களின் வரம்பில் கிருமிநாசினி பட்டிருக்கும் என்பதால் அங்கே வெட்டுவதில்லை.

அடுத்த பிழை முருங்கையிலை. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் விற்றமின் சி-யைத் தானாக ஆக்கிக்கொள்ளாது. முற்றத்து முருங்கை இருக்கக் கவலை எதற்கு என்று நாள்தோறும் ஒரு பிடி கொடுத்துவந்தேன். சென்ற ஆண்டு சிறுநீர் கழிக்கும்போது அவன் முனகத் தொடங்கினான். விரிப்பில் மணல்போன்ற வெண்துகள்கள் காய்ந்து கிடந்தன. சிறுநீர் கலங்கலாக இருப்பது இந்தப் பிராணிக்கு இயல்பே. கையில் நெருநெருத்தால்தான் கவனிக்க வேண்டும் என்றார் வைத்தியர். சுண்ணாம்புச்சத்து மிகுந்த முருங்கையை உடனே நிறுத்தச் சொன்னார். நம்முடைய சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும்; ஆகவே அவர் சொல்லாமலே அவனுக்கு வடிகட்டிய நீரை வைக்கத் தொடங்கினேன். விற்றமினுக்குக் கொய்யாத் துண்டும் கறிமிளகாயும் கொடுக்கிறோம். அவன் வாடிய நாட்களில் நூறு மில்லிகிராம் விற்றமின் சி குளிசையில் காற்பங்கையும் சேர்க்கிறோம். குளிசையைக் குடிநீரில் கரைத்தால் சில மணிநேரத்தில் சத்துக் குறைந்துவிடும் என்பதால் கையாலேயே ஊட்டுகிறோம்.

சொல்லக் கூச்சமான ஒரு வேலையும் உண்டு. வயதான கடுவன்களுக்குக் குதத்தைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து, அங்குள்ள பையில் மென்மையான எச்சம் தேங்கிவிடும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரும் தேங்காயெண்ணெயும் கொண்டு அதனை அகற்றவேண்டும். மகள் அந்த நேரம் பார்த்துப் படிக்கப் போய்விடுவாள்.

மூட்டுத் தேய்வால் இப்போது அவன் ஓடுவதில்லை. கம்பிவலைத் தளத்தில் பாதம் புண்பட்டதால், பழைய சாரங்களை நாலாக மடித்து விரித்திருக்கிறேன். அவற்றை நாள்தோறும் மாற்றுகிறேன். குளிர்மைக்கு விறாந்தையின் வடக்கு மூலையில், நனைத்த சாக்குப் போர்த்திய மண்பானை ஒன்று சரிந்து கிடக்கிறது. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் அதற்குள்தான் இருப்பான்.

கடந்த ஞாயிறு 865 கிராம். அதற்கு முந்தைய கிழமை 870. ஐந்து கிராம் தராசின் தளம்பலாகவும் இருக்கலாம் என்று கொப்பியில் குறித்துவைத்திருக்கிறேன்.