ரெசின் கிண்ணத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம்

வீட்டில் மெழுகுவர்த்தி செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன் என்பதால், வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "அக்கா, ரெசினில் கிண்ணம் வார்த்து அதிலேயே மெழுகு ஊற்றலாமா?" ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் கெட்டியாகிற ஒரு வகை பிளாஸ்டிக். கேட்பவர்கள் நல்ல கைவேலைக்காரிகள். உலர்ந்த ரோஜா இதழும் தங்கத்தாளும் உள்ளே மிதக்க, கண்ணாடி போலப் பளபளக்கும் கிண்ணம். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

என் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இப்படிச் சில செய்துகொண்டு வந்தாள். "சூடான மெழுகை ஊற்றினேன் அத்தை, கிண்ணத்துக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். ஊற்றும்போது மெழுகு ஆறிக்கொண்டே வருகிறது. எரியும்போது நடப்பது நேர்மாறு: மணிக்கணக்கில் சூடு ஏறிக்கொண்டே போகும். திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகு 60, 80 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சுடரோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். கைவேலைக்கு வாங்குகிற எபாக்சி ரெசினில் பெரும்பாலானவை 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் நம் வேலூரே நாற்பதைத் தாண்டுகிறது. மீதி எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

அவள் கொண்டுவந்ததில் ஒன்றைப் பின்கட்டில் கடப்பாக்கல் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு மூடியும் வைத்துக்கொண்டு கொளுத்தினோம். மேலே எரியும்வரை ஒன்றும் தெரியவில்லை. சுடர் பாதிக்குக் கீழே இறங்கியதும் கரண்டிக் காம்பால் பக்கத்தில் லேசாக அழுத்தினேன்; அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உடனே மூடி அணைத்துவிட்டோம். ஆறியபின் மெழுகைச் சுரண்டிப் பார்த்தால், திரியைத் தாங்கும் தகரவட்டு அடியில் ஒரு பக்கமாகப் புதைந்து, அதைச் சுற்றி ரெசின் பழுப்பேறி இருந்தது. திரி சாய்ந்து சுவரைத் தொடுவது இப்படித்தான் தொடங்கும்.

தொட்டால் என்ன ஆகும்? கண்ணாடியாக இருந்தால் விரிசல் விடலாம். ரெசினோ தானே பற்றி எரியக்கூடிய பொருள். அது கருகும்போது வரும் புகையை மூடிய அறையில் யாரும் சுவாசிக்கக் கூடாது. நாம் சேர்க்கும் மல்லிகை, சந்தன வாசனை அந்தக் கருகல் வாடையை முதலில் மறைத்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். வாங்கிப்போகிறவர் பூஜை அறையில் ஏற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். என்னைப் போல மூடியோடு பக்கத்தில் நிற்கமாட்டார்.

சரி, டப்பாவில் 'வெப்பம் தாங்கும்' என்று போட்டிருக்கிறதே? அது பெரும்பாலும் டீ டம்ளர் வைக்கிற தட்டுக்கான சூடு. சுடருக்குச் சொன்னது இல்லை.

பாத்திரம் வேண்டுமென்றால் மூடியுள்ள தகர டப்பா, வெப்பம் தாங்கும் தடித்த கண்ணாடி. மண்ணில் வேண்டுமென்றால் வேலூர்ப் பக்கம் கரிகிரியில் செய்வது போலப் பளபளப்பு பூசிச் சுட்டதாகப் பாருங்கள். பூசாத மண் கிண்ணம் அகல் எண்ணெய் குடிப்பது போல மெழுகைக் குடித்து வெளியே கசியவிடும். எதில் ஊற்றினாலும் திரியை நடுவில் நிறுத்துங்கள், ஏற்றுமுன் கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள், அடியில் அரை அங்குல மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். இதைச் சீட்டில் எழுதி ஒட்டியே கொடுங்கள். அப்புறம் ஒன்று: மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ தெறித்துப் பரவும். மூடி போட்டு அடக்க வேண்டும்.

நாத்தனார் மகள் மெழுகைத் தகர டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். ரெசினில் மணமக்கள் பெயர் வைத்துச் சின்ன வில்லைகள் வார்த்து, டப்பாவின் கழுத்தில் நூலால் கட்டினாள். ஏற்றுமுன் கழற்றிவிடச் சொல்லிச் சீட்டிலேயே முதல் வரியாக எழுதினோம். மிச்சமான ரெசின் கிண்ணங்களில் இப்போது ஊக்கும் ஹேர்பின்னும் கிடக்கின்றன.