போல்டரிங்: முதலில் விழப் பழகுங்கள்

போல்டரிங் என்பது கயிறில்லாமல் தாழ்வான சுவரிலோ பாறையிலோ ஏறும் விளையாட்டு. உள்ளரங்கு போல்டரிங் சுவர் பொதுவாக 4 முதல் 4.5 மீட்டர் உயரம். கயிறு கிடையாது, கீழே மெத்தை மட்டும்தான். அதனால் முதல் நாளே பழக வேண்டியது விழுவது. இரண்டு பாதமும் சேர்ந்து பதியணும், முழங்கால் மடங்கணும், அப்படியே பின்னால் உருண்டு முதுகில் சாயணும். கைகள் மார்போடு இருக்கட்டும். பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியலாம். மெத்தை இருக்கே என்ற தைரியத்தில் பலரும் தவறுவது இங்கேதான். முடிந்தவரை குதிக்காமல், சுவரில் பொருத்தியிருக்கும் பிடிகளைப் பற்றியே இறங்குங்கள்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கை வியர்வையைத் துடைத்துவிட்டு, கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைச் சாக் (chalk) பொடியை மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பினால் பிடி வழுக்கும்.

தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், விரல் தசைநாண்களுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) மாதக்கணக்கில் ஆகும். ஆரம்பத்தில் குட்டி விளிம்புகளில் விரலை மடக்கித் தொங்கவே வேண்டாம்.