சிங்கப்பூர்–நியூயார்க்: தூரம் சொல்லாத பயண நேரம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் உடனே இரண்டு எண்கள் கிடைத்துவிடுகின்றன. ஆனால் முதல் எண்ணை வைத்து இரண்டாவதை முடிவுசெய்ய முடியாது என்பதை, சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு இடைநில்லாமல் பறந்தபோதுதான் நன்றாக உணர்ந்தேன்.

புறப்படுவதற்கு முன் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் கிழக்கிலும் சாயவில்லை, மேற்கிலும் சாயவில்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து மறுபக்கம் இறங்கியது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், கென்னடி மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருப்பதால், துருவத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரே அமைந்துவிடுகின்றன. ஆகவே தூரத்தைக் கையாலேயே கணக்கிடலாம்: சாங்கியிலிருந்து துருவம் 88.6 பாகை, துருவத்திலிருந்து கென்னடி 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் சுமார் 15,300 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு இன்றும் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 17 மணி நேரம் போதும். கால அட்டவணையோ 18 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், ஏறி இறங்குவதும் அதில் ஒரு பகுதிதான், பெரும்பங்கு காற்றுக்குரியது. மேற்கிலிருந்து கிழக்காக, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடிப்பதற்காக விமானம் துருவ வழியை விட்டுவிட்டு, பசிபிக் கடலின் மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுற்றிச் செல்வதுண்டு. என் இருக்கைக்கு முன்னிருந்த திரையில் தரைவேகம் ஆயிரத்தைத் தாண்டியதைப் பார்த்த பிறகு, சுற்றுவழியே சுருக்குவழி ஆவது எப்படி என்பதில் ஐயம் இருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் புயலோடு வந்த பின்காற்றில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5,540 கிலோமீட்டரை ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வான்வெளி மூடப்பட்டாலும் நேரம் மாறும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னே இருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு பதினெட்டரை மணி நேரம் பறந்தாலும், அதே நாள் அதிகாலை 5.30க்குத் தரையிறங்குவதாகத்தான் சீட்டு காட்டும். திரும்பும்போது நேர்மாறாக, திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் இறங்குவது புதன்கிழமை காலையில். அதனால் என்னை அழைத்துப்போக வருபவர்களுக்கு மணியோடு கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன்.