இரண்டு பீட்டர்கள்

பேர்ன் நகரில் பழைய பதிவேடுகளை வாசித்துக் குடும்ப அட்டைகள் தயாரிப்பது என் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் ஆல்ப்ஸ் மலையின் ஆரம்பகால வழிகாட்டிகள் என் மேசைக்கு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கனவான்களைக் கயிற்றில் கட்டிச் சிகரத்துக்குக் கூட்டிப்போன வாலிஸ் மாநிலத்துக் குடியானவர்கள். யார் யாருடைய மகன், எந்த மலையை எந்த வருடம் ஏறினார் என்ற இரண்டையும் ஆளுக்கோர் அட்டையில் எழுதவேண்டும்.

முதலாவதுக்குப் பங்குப் பதிவேடுதான், அதாவது ஊர்த் தேவாலயத்தின் பதிவேடுதான் கதி. பிறப்பு, இறப்பு, விவாகங்களை அரசே பதிவது சுவிஸ் முழுவதற்கும் 1876இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் பங்குக் குருவின் கையெழுத்து. வாலிஸ் கத்தோலிக்க மண், ஆகவே லத்தீன். பீட்டர் அங்கே பெத்ருஸ், யோசெப் யோசேபுஸ். கண் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

இரண்டாவதுக்கு உதவுவது வழிகாட்டியின் கொப்பி. ஜெர்மனில் 'பியூரர்பூக்' என்பார்கள். மலையிலிருந்து இறங்கியதும் கூட்டிப்போகப்பட்டவர் அதில் நற்சான்று எழுதிக் கையொப்பமிடுவார். அடுத்த ஆளிடம் வேலை கேட்கும்போது அதைத்தான் நீட்டவேண்டும். நான் முதன்முதலாகக் கையில் எடுத்த கொப்பியின் தோல் அட்டை, கோட்டுப் பைக்குள் பல கோடைகள் கிடந்து நெஞ்சின் வளைவுக்கு வளைந்திருந்தது. மேசையில் வைத்தால் நடுப்பகுதி எழும்பி நிற்கும். உள்ளே பெரும்பாலும் ஆங்கிலம். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாமலேயே அதைச் சுமந்து திரிந்தவர்கள் பலர்.

சிக்கல் பெயரில்தான். ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து குடும்பப் பெயர்கள், பத்துப் பன்னிரண்டு ஞானஸ்நானப் பெயர்கள். தகப்பன் பெயரை மகனுக்கு வைப்பார்கள். நாங்கள் பாட்டன் பெயரை வைப்பவர்கள். பெயரைத் தாங்கியவன் என்பதால் பேரன். யாழ்ப்பாணத்திலோ பேரன் என்றால் பாட்டனார், தமிழ்நாட்டில் அதே சொல் பிள்ளையின் மகன். ஒரு சொல் இரண்டு தலைமுறைக்கும் பொருந்தும் வீட்டில் வளர்ந்த நான் இந்த இடத்தில் கவனமாக இருந்திருக்கவேண்டும்.

இருக்கவில்லை. வாலிஸின் செர்மாட் கிராமத்து வழிகாட்டி பீட்டர் டவுக்வால்டரின் அட்டையை முடித்துக் கொடுத்தேன். மூத்த சகா ஒருவர் பார்த்துவிட்டு, "இவர் எந்த வருடம் இறந்தார்?" என்று மட்டும் கேட்டார். 1888. அதற்குப் பிந்திய ஒரு கோடையின் நற்சான்றை நான் அவர் கணக்கில் எழுதியிருந்தேன். அது அதே பெயர் கொண்ட மகனுடையது.

வேறு குடும்பமென்றால் திருத்திவிட்டுப் போகலாம். இங்கே அப்படி முடியாது. 1865 ஜூலை 14ஆம் தேதி மாட்டர்ஹோர்ன் முதன்முதலாக ஏறப்பட்டபோது ஏழு பேரில் இந்தத் தகப்பனும் மகனும் இருந்தார்கள். இறங்கும்போது வழிகாட்டி மிஷேல் குரோவும் மூன்று பிரித்தானியர்களும் விழுந்து இறந்தார்கள். கயிறு அறுந்தது தகப்பன் பீட்டருக்கும் அவருக்குக் கீழே இருந்த பிரான்சிஸ் டக்ளஸுக்கும் நடுவில். அவர்தான் வெட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது, பேச்சு ஓயவில்லை. அப்படிப்பட்ட மனிதரை அதன் பிறகும் நம்பித் தன்னைக் கயிற்றில் கட்டிக்கொண்டவர் யார், எத்தனை பேர் என்பது அவருடைய மானத்தைப் பற்றிய கேள்வி. மகன் பெற்ற பாராட்டைத் தகப்பன் பக்கம் எழுதினால், இல்லாத சாட்சியை உண்டாக்குகிறோம். மாற்றி எழுதினால் இருக்கிற சாட்சியை அழிக்கிறோம். அன்றிலிருந்து இறப்புப் பதிவைப் பார்க்காமல் ஒரு மலையையும் யார் பெயரிலும் நான் எழுதுவதில்லை.

செர்மாட்டுக்குக் கீழே அதே பள்ளத்தாக்கில் இருக்கும் சங்க்ட் நிக்லவுஸ் கிராமம் வந்தபோது வேலை கனத்தது. 1877 செப்டம்பர் 6, லிஸ்காம் மலை. முகட்டில் காற்று கட்டிவைத்த பனிவிளிம்பு உடைந்து, இரண்டு ஆங்கிலேயர்களும் மூன்று வழிகாட்டிகளும் ஒரே கயிற்றில் போனார்கள். வழிகாட்டிகள் மூவரும் க்னூபெல் சகோதரர்கள். மூன்று அட்டைகளில் ஒரே இறந்த தேதியை அடுத்தடுத்து எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவர்களுடைய இன்னொரு சகோதரர் பீட்டர், 1874இல் காகசஸ் மலைத்தொடரிலுள்ள எல்ப்ரூஸின் உயர்ந்த சிகரத்தில் முதலில் நின்ற குழுவில் இருந்தவர். அவருக்கு 1881இல் யோசெப் பிறந்தான். மறு வருடம் டென்ட் பிளான்ஷ் மலையில் அதே கிராமத்து யோசெப்-மரி லொக்மாட்டரும் அவருடைய மூத்த மகனும் விருந்தாளியோடு இறந்தார்கள். (வாடிக்கையாளரை வழிகாட்டிகள் விருந்தாளி என்றுதான் சொல்வார்கள். நானும் அட்டையில் அப்படியே எழுதுகிறேன்.)

1906 ஆகஸ்டில் டேஷ்ஹோர்ன் மலையின் தெற்குச் சுவரை ஐந்து பேர் ஏறினார்கள். அந்தக் காலத்தின் மிகக் கடினமான ஏற்றங்களில் அது ஒன்று. ஏறியவர்கள் பட்டியலில் வழிகாட்டிகளாக பிரான்ஸ் லொக்மாட்டர், யோசெப் லொக்மாட்டர், யோசெப் க்னூபெல் என்று மூன்று பெயர்கள். பட்டியலை மட்டும் பார்த்தவரைக்கும் எனக்கு அவை திறமைசாலிகள் மூவரின் பெயர்கள். குடும்ப அட்டைகளைப் பக்கத்தில் வைத்த பிறகு, தகப்பனையும் அண்ணனையும் மலைக்குக் கொடுத்த இரண்டு சகோதரர்களும், மூன்று சித்தப்பா பெரியப்பாக்களைக் கொடுத்த ஒருவரும் ஒரே கயிற்றில் தெரிகிறார்கள். பிடிக்க உறுதியான இடமில்லாத பாறையில் பிரான்ஸ் முன்னால் ஏறுகிறார்.

இந்த ஆண்களை வழியனுப்பிய பெண்களை நான் பார்த்த கொப்பி எதிலும் காணவில்லை. பங்குப் பதிவேட்டில் இருக்கிறார்கள்: தாய் என்று ஒருமுறை, மனைவி என்று ஒருமுறை, விதவை என்று ஒருமுறை. எங்கள் அட்டையில் அவர்களுக்குக் கட்டமே இல்லை. சென்ற மாதம் ஒன்று கூட்டித் தரும்படி கேட்டேன், கூட்டித் தந்தார்கள். லொக்மாட்டர் வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.