பால் சேரட்டும் என்று காத்திருந்தேன்

"பால் பத்தலையோ?" குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கே இல்லை. கடைசியில் நானே என்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். அவன் அழுதால் பால் பத்தவில்லை. தூங்காவிட்டால் பால் பத்தவில்லை. மார்பு மெத்தென்று இருந்தால் சந்தேகமே இல்லை, பால் பத்தவில்லை.

எனக்கு சிசேரியன். முதல் மூன்று நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நாலாம் நாள் மார்பு கல் மாதிரி கனத்தபோது அப்பாடா என்று இருந்தது. அங்கேதான் என் தப்புக் கணக்கும் தொடங்கியது. கனத்தால் பால் இருக்கிறது, இளகிவிட்டால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவன் அரை மணிக்கொரு தரம் கேட்டு அழுவான். "இப்பதானே குடிச்சான், கொஞ்சம் சேரட்டும்" என்று நாலு மணி நேரம் தள்ளிப்போட்டு, நடுவில் பவுடர் பால் கொடுப்பேன். இரவு படுக்குமுன் புட்டியில் 60 மில்லி. ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்குவான், நானும் தூங்குவேன். சொர்க்கம்தான். ஆனால் ஒரே வாரத்தில், காலையில் எழுந்தால் இருக்கும் அந்தக் கனமும் காணாமல் போனது.

பதினான்காம் நாள் எடை பார்த்தார்கள். பிறந்தபோது 2.9 கிலோ, அன்று 2.75. முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது சகஜம், ஆனால் 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் நனையுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பவுடர் பாலின் அளவெல்லாம் மில்லிக் கணக்கில் சொன்னேன், இதை எண்ணியதே இல்லை. ஐந்தாம் நாளுக்கு அப்புறம் குறைந்தது ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டுமாம். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு குறைவு, பிரசவத்துக்குப் பின் உள்ளே தங்கிவிடும் நச்சுக்கொடித் துண்டு, குழந்தையின் நாக்கு கீழே ஒட்டியிருப்பது, இப்படி உடம்பு சார்ந்த காரணமும் உண்டு, அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்றார். எனக்கு ரிப்போர்ட் சரியாகவே வந்தது.

பாலூட்டச் சொல்லித்தரும் நர்ஸிடம் அனுப்பினார். அவர் எதுவும் பேசாமல் நான் கொடுப்பதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாயை எடுத்ததும், "காம்பைப் பாருங்க" என்றார். ஒரு பக்கம் சரிவாகச் சீவியது போல் நசுங்கி, நுனி வெளுத்திருந்தது. "காம்பை மட்டும் கடிச்சுக்கிட்டிருக்கான். பால் எப்படி வரும்?"

அப்புறம் அவன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். மூக்குக்கு நேரே காம்பு. "அவசரப்படாதீங்க, வாயைப் பெரிசாத் திறக்கட்டும்." கொட்டாவி விடுவது போல் திறந்த அந்த நொடியில் அவனைச் சட்டென்று என் பக்கம் அணைத்தார். மோவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, கீழ்ப்பக்கக் கருவட்டம் பெரும்பாலும் வாய்க்குள் போய்விட்டது. முதலில் வேகவேகமாகச் சப்பினான். பிறகு தாடை மெதுவாக இறங்கி ஒரு கணம் நின்றது. தொண்டையில் "க்" என்று ஒரு சின்னச் சத்தம். விழுங்குகிறான். இரண்டு வாரமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பாலைச் சேர்த்து வைப்பது பற்றியும் அவரிடமே கேட்டேன். மார்பில் பால் தேங்கத் தேங்க, சுரப்பது மெதுவாகிவிடுமாம். காலியாகக் காலியாகத்தான் வேகம் பிடிக்குமாம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம், நானோ அந்த இரவுப் பாலைத்தான் புட்டிக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னால், அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "இறைக்கிற கிணறுதாண்டி ஊறும்." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

அடுத்த மூன்று வாரம் கடினம், பொய் சொல்லமாட்டேன். 24 மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை, இரவும் சேர்த்து. சப்புவது சோர்ந்தால் மார்பை மெல்ல அழுத்திக் கொடுப்பேன், அப்புறம் பக்கம் மாற்றுவேன். குடித்து முடித்ததும் மார்பிலிருந்து பால் இழுக்கும் பம்ப், பத்து நிமிடம். பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னபடி தாய்ப்பாலுக்குப் பிறகு 30 மில்லி, எடை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். எடை குறைந்த குழந்தையிடம் ரோஷம் காட்டக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் மட்டும் 20 நிமிடம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப் என்று செய்தேன். அந்த நேரம் குழந்தை என் கணவர் பொறுப்பு. அந்த உதவி இல்லாவிட்டால் இரண்டே நாளில் விட்டிருப்பேன்.

முதல் நாள் பம்பில் இரண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லி. அழுதேன். பம்பில் வருவது மார்பில் இருப்பதன் அளவே இல்லை, குழந்தை இழுப்பது போல் இயந்திரம் இழுக்காது என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தும் அழுதேன். காம்பில் வைக்கும் புனல் எனக்குப் பெரிய அளவு என்பது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சின்னது மாற்றியதும் வலி போனது, பாலும் கூடியது. பம்ப் செய்யும்போது அளவுக் கோட்டை வெறித்துப் பார்த்தால் பால் இறங்காது. ஒரு துணியால் புட்டியை மூடிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தால் இறங்கும்.

பால் ஊறவைக்கும் என்று ஒரு பொடியும் வாங்கினேன். அதனால் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம். தாகத்துக்குக் குடித்தால் போதும். மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டேன், உனக்குத் தேவையில்லை என்றார், விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் 2.92 கிலோ. அதற்கடுத்த வாரம் 3.12. ஆறாவது வாரம் மறுபடி சாயங்காலம் முழுக்க மார்பை விடாமல் அழுதான். பழைய பயம் எட்டிப் பார்த்தது. டயப்பரை எண்ணினேன்: ஏழு. சரி என்று உட்கார்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் தானாக அடங்கிவிட்டான்.

பவுடர் பால் முழுசாக நிற்க இரண்டு மாதம் ஆனது. இடது பக்கம் இன்றைக்கும் வலதைவிடக் குறைவுதான், அவனுக்கும் அது தெரியும், முகத்தைச் சுளிப்பான். இருந்தாலும் முதலில் இடதைத்தான் கொடுக்கிறேன்.