தொடர் எண்கள் சொல்லும் வழி

ஓர் ஆயுதக் குழுவிடம் இத்தனை துப்பாக்கிகளும் ராக்கெட்டுகளும் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்விக்கு, ‘கள்ளச் சந்தையில் வாங்கியிருப்பார்கள்’ என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இராக்கிலும் சிரியாவிலும் ‘இஸ்லாமிய அரசு’ எனப்படும் ஐஎஸ் அமைப்பிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆயுதங்களைப் பற்றிய கள ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்து வரும் எனக்கு, அந்தப் பதில் பலரையும் பொறுப்பிலிருந்து தப்பவிடுகிறது என்றே தோன்றுகிறது. அந்த ஆயுதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நாட்டின் ஆலையில் முறையாகத் தயாரிக்கப்பட்டவை. அவற்றில் பல, அரசு உரிமத்தோடும் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஆவணங்களோடும் எல்லை கடந்து அனுப்பப்பட்டவை. அவை வழி மாறியது அதற்குப் பிறகுதான். எந்த இடத்தில், யாருடைய கையில் மாறின என்பதையும் பல நேரங்களில் கண்டுபிடித்துவிட முடிகிறது.

அப்படிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்புகளுள் முக்கியமானது, 2011 இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட கான்ஃபிளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச். அதன் ஆய்வாளர்கள் 2014 ஜூலை முதல் 2017 நவம்பர் வரை, சிரியாவின் கொபானி நகரம் தொடங்கி பாக்தாதுக்குத் தெற்கே உள்ள பகுதிகள் வரை, இராக்கியப் படையினரோடும் குர்து படையினரோடும் போர்முனைக்கே சென்று, ஐஎஸ் விட்டுச்சென்ற 40,000 க்கும் மேற்பட்ட பொருள்களைப் படமெடுத்துப் பதிவு செய்தார்கள். துப்பாக்கியின் உடற்பகுதியில் உள்ள ஆலை முத்திரை, தயாரிப்பு ஆண்டு, தொடர் எண், தோட்டாவின் அடிப்பாகத்தில் வட்டமாகப் பொறித்திருக்கும் குறியீடு, மரப்பெட்டியின் மேல் அச்சடித்த லாட் எண் (தயாரிப்புத் தொகுதியைக் குறிப்பது), பெட்டிக்குள் மடித்து வைத்த சரக்குச் சீட்டு என எதையும் அவர்கள் விடுவதில்லை. பிறகு, தயாரித்த நாட்டின் அரசுக்கு ஒரு கடிதம் போகிறது: இந்த எண்ணுள்ள பொருளை நீங்கள் எந்த ஆண்டு, யாருக்கு விற்றீர்கள்? பதில் வந்தால், அதில் குறிப்பிடப்பட்ட அடுத்த நாட்டுக்கு அதே கேள்வி போகிறது. சில அரசுகள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பொறுப்போடு பதில் எழுதுகின்றன. சில எழுதுவதே இல்லை. பொறுமையை மிகவும் சோதிக்கும் இந்த வேலையைத் தீயும் கண்ணிவெடியும் சூழ்ந்த இடங்களில் தொடங்குகிறவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இந்த முறையால் வெளிவந்தவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது ஒரே ஒரு ஏவுகணையின் கதை. பல்கேரியாவில் தயாரான, சோவியத் வடிவமைப்பைச் சேர்ந்த டாங்கி எதிர்ப்பு ஏவுகணை அது. 2015 டிசம்பரில் பல்கேரியா அதை அமெரிக்காவுக்கு விற்றது. வாங்கியது அமெரிக்க ராணுவத்துக்காகச் செயல்பட்ட ஒரு தனியார் நிறுவனம். 2016 பிப்ரவரியில், இராக்கின் ரமாதி நகரை மீட்கும் சண்டைக்குப் பிறகு, இராக்கியக் கூட்டாட்சிக் காவல் படை அதே ஏவுகணையின் எச்சத்தை ஐஎஸ் இருந்த இடத்தில் கண்டெடுத்தது. ஆலையை விட்டுப் புறப்பட்டு ஏறத்தாழ இரண்டே மாதங்கள். அதற்குள் அது அமெரிக்காவின் கையிலிருந்து சிரியப் போரில் சண்டையிட்ட ஒரு தரப்புக்குப் போய், அங்கிருந்து ஐஎஸ் கைக்கு மாறி, எல்லை தாண்டி இராக்குக்குள் வந்துவிட்டது. ஓர் ஆயுதம் பத்து, இருபது ஆண்டுகள் கிடங்குகளில் கிடந்து, அரசுகள் கவிழ்ந்த பிறகு கை மாறுவது வேறு. இங்கே அனுப்பியவர்களின் மேசையில் கோப்பின் மை உலர்வதற்குள் பொருள் எதிரியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்கா ஏன் பல்கேரியாவில் வாங்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். சிரியாவின் கிளர்ச்சிப் படைகள் பழகியிருந்தவை சோவியத் வகை ஆயுதங்கள். அவற்றுக்கு வேண்டிய குண்டுகளும் ராக்கெட்டுகளும் அமெரிக்க ஆலைகளில் கிடைப்பதில்லை. பல்கேரியா, ருமேனியா போன்ற நாடுகளில் இன்றும் தயாராகின்றன. ஆகவே அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் அந்த நாடுகளில் வாங்கி, சிரியாவின் அப்போதைய அதிபர் அசாதை எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு அனுப்பின. விற்கும் நாடு கேட்கும் இறுதிப் பயனர் சான்றிதழில், பொருள் தங்கள் சொந்தப் படைகளுக்கே என்றும், விற்ற நாட்டின் அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுக்கமாட்டோம் என்றும் உறுதி எழுதித் தந்திருந்த பொருள்களும் இவற்றில் இருந்தன. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்துக்கென்று ருமேனியா ஏற்றுமதி செய்த ராக்கெட்டுகள் பின்னர் ஐஎஸ் இருப்பில் கிடைத்தது இப்படித்தான். ஒரு நாட்டின் எழுத்துபூர்வமான வாக்குறுதி இவ்வளவு எளிதாக மீறப்பட்டதற்கு எவரும் பதில் சொல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐஎஸ் அமைப்பின் ஆயுதங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவை என்று நான் சொல்லவரவில்லை. 2014 ஜூனில் மொசூல் வீழ்ந்தபோது இராக்கிய ராணுவம் விட்டுவிட்டு ஓடியவை ஏராளம். அந்த நகரில் மட்டும் 2,300 ஹம்வி ராணுவ வண்டிகளை இழந்ததாக அப்போதைய பிரதமர் ஹைதர் அல் அபாதியே 2015 இல் சொன்னார். ஆனாலும் பதிவான துப்பாக்கிகளிலும் தோட்டாக்களிலும் சுமார் 90 விழுக்காடு வார்சா ஒப்பந்த நாடுகளின், அதாவது சோவியத் தலைமையிலான பழைய ராணுவக் கூட்டணியின், தோட்டா அளவுகளைச் சேர்ந்தவை. சீனா, ரஷ்யா, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் ஆலைகளிலிருந்தே அவற்றில் பெரும்பகுதி வந்தது.

எண்ணை அழித்துவிட்டால் தடயம் போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. கொபானியில் கிடைத்த சீனத் தயாரிப்புத் துப்பாக்கிகள் சிலவற்றில் தொடர் எண் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தது. அதே வகைத் துப்பாக்கிகள், அதே முறையில் எண் அழிக்கப்பட்ட நிலையில், அதற்கு முன்பே தென் சூடானில் கிடைத்திருந்தன. மறைக்க நினைத்தவர்களின் கைவேலையே இரண்டு போர்க்களங்களையும் ஒரு சரக்கு வழியோடு இணைத்துப் பார்க்க வைக்கிறது.

ஏராளமான உயிர்களைக் குடித்த சாலையோர வெடிகுண்டுகளின் கதையில் இந்தியாவும் வருகிறது. கான்ஃபிளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, ஐஎஸ் வெடிகுண்டுகளில் பயன்பட்ட பொருள்கள் 20 நாடுகளைச் சேர்ந்த 51 நிறுவனங்களோடு தொடர்புடையவை என்று காட்டியது. துருக்கி நிறுவனங்கள் அதிகம். அடுத்த இடத்தில் ஏழு இந்திய நிறுவனங்கள். கல் குவாரிகளிலும் சுரங்கங்களிலும் பயன்படும் டெட்டனேட்டர்களும் (வெடியைத் தூண்டும் கருவிகள்) வெடித்திரிகளுமே அந்த இந்தியப் பொருள்கள். அவை அரசு உரிமத்தோடு லெபனானுக்கும் துருக்கிக்கும் சட்டப்படி ஏற்றுமதியானவை என்பதையும் அதே ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. நம் நிறுவனங்கள் குற்றம் செய்தன என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் உரிமம் கொடுத்த நாளோடு நம் கடமை முடிந்துவிட்டதா என்ற கேள்வியை இது நம் முன்னால் வைக்கிறது.

இந்தக் கேள்வி இன்று இன்னும் கூர்மையாகிறது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாயை எட்டியது. 2013 இல் ஐ.நா. பொதுச்சபை, நாடுகளிடையிலான ஆயுத விற்பனையை முறைப்படுத்தும் ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. பயங்கரவாதிகளிடமும் அரசு சாரா குழுக்களிடமும் ஆயுதம் போய்ச்சேர்வதை அந்த ஒப்பந்த வரைவு போதிய அளவு தடுக்கவில்லை என்பது இந்தியா சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்தக் குறை உண்மையானது என்றே நானும் கருதுகிறேன். அப்படியானால் நாம் விற்கும் பொருளுக்காவது ஒப்பந்தத்தைவிடக் கடுமையான கண்காணிப்பை நாமே வைத்துக்கொள்ள என்ன தடை? ஜெர்மனி 2015 இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: தான் விற்ற சிறு ஆயுதங்கள் வாங்கிய நாட்டின் கிடங்கிலேயே இருக்கின்றனவா என்று அதிகாரிகள் நேரில் போய் எண்ணிப் பார்ப்பார்கள். அவ்வகைத் தொடக்கச் சோதனைகளுள் ஒன்று 2017 இல் இந்தியாவிலேயே நடந்தது. பிறர் நம் கிடங்கில் வந்து எண்ண அனுமதித்த நாம், நம்மிடம் வாங்குகிறவர்களின் கிடங்கில் எண்ணிப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

துப்பாக்கிக்குக் குறியிடவும் பதிவேடு வைக்கவும் 2005 இல் ஐ.நா. ஒரு சர்வதேச ஏற்பாட்டை உருவாக்கியது. அதில் தோட்டாக்கள் சேர்க்கப்படவில்லை. தோட்டாக்களையும் பிற வெடிபொருள்களையும் அவற்றின் ஆயுட்காலம் முழுவதும் கண்காணிப்பதற்கான உலகளாவிய சட்டகம் 2023 இல்தான் ஏற்கப்பட்டது, அதுவும் நாடுகள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில். தோட்டாவின் அடியில் ஆலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். யாருக்காகத் தயாரித்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. வாங்குகிறவரைக் குறிக்கும் ஓர் எண்ணையும் அங்கேயே பொறிப்பதற்கான தொழில்நுட்பம் ஆலைகளிடம் இருக்கிறது. பிரேசில் தன் காவல் படைகளுக்கு வாங்கும் தோட்டாக்களில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த விதியை நீட்டிக்க வேண்டும் என்று விற்கும் நாடுகளின் நாடாளுமன்றங்களில் கேட்கப்பட வேண்டும், டெல்லியிலும்.